கூடாரத்தில் இடம் உண்டு

"கேம்பிங் போகலாம்னு உயிரை எடுத்தீல்ல, இந்தா!" என்றான் அப்பா, மகளிடம். வாங்கிய நாள் முதல் கார் டிக்கியிலேயே கிடந்த கூடாரம், இரண்டாவது முறையாக அவன் தலையில் சரிந்தது.

"ரொட்டியெல்லாம் எறும்புப்பா. வீட்டுக்குப் போலாம்."

"அவ விடணுமே கண்ணு!"

மனைவி முறைத்தாள். "செல்லம் கொடுத்து அவளைத் தலைல தூக்கி வச்சு ஆடினது யாரு? நாளைக்கு ஆபீசுக்கு இந்த அரை டவுசரோடயே போங்க."

"இரு, பேசிப் பார்க்கிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக் கிளம்பியவன், போன வேகத்தில் திரும்பிக் கூடாரத்துக்குள் உட்கார்ந்தான்.

"என்னாச்சு?"

"ஒரே முறைப்பு. உள்ளே காலே வைக்க விடல."

மதில் மேல் பக்கத்து வீட்டுக்காரரின் தலை தெரிந்தது. "என்ன சார், சொந்த வீட்டு வாசல்லயே கூடாரமா?"

"நாங்க கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள எங்க நாய் குட்டி போட்டுடுச்சு சார். அதுவும் கதவை ஒட்டி உள்பக்கம், மிதியடி மேலயே! யார் போனாலும் உறுமுது."

அப்போது அவளே வெளியே வந்தாள், வாயில் ஒரு குட்டியோடு. நேராகக் கூடாரத்துக்குள் நுழைந்து, அதை அவன் மடியில் விட்டுவிட்டு, அடுத்ததை எடுத்துவர ஓடினாள்.

மனைவி துள்ளி எழுந்தாள். "கதவு காலி! வாங்க, சட்டுனு உள்ளே போயிடலாம்."

"நீங்க ரெண்டு பேரும் போங்க" என்று கிசுகிசுத்தான் அவன், அசையாமல். "நான் எழுந்திரிச்சா இது முழிச்சுக்கும்."