டாக்டர் திர்சா எங்கே போகிறார்?

“நம்ம தலைவியே நமக்குத் துரோகம் பண்றாங்கடா நதாவ்! மதியம் வரைக்கும் பந்தல்ல தொண்டை கிழியக் கத்துறாங்க. அப்புறம் பையைத் தூக்கிட்டுக் கார்ல ஏறிடறாங்க. ஏதாவது தனியார் கிளினிக்தான், வேறென்ன?”

கூட வேலை பார்க்கும் டாக்டர் மெராவ் சொன்னதும் நதாவுக்குப் பகீரென்றது.

டெல் அவிவில் டாக்டர்கள் வேலைநிறுத்தம். ஓய்வு நாளான சனிக்கிழமை மாதிரி, அவசர சிகிச்சை மட்டும்தான். தலைவி டாக்டர் திர்சாவை நம்பித்தான், வேலை போனாலும் போகட்டும் என்று நதாவ் தெருவில் இறங்கியிருந்தான்.

“கையும் களவுமாப் பிடிச்சுப் படம் எடுத்துட்டு வரேன். சாயங்காலக் கூட்டத்துல நாறடிச்சிடலாம்!”

அன்றே பின்னால் காரை விட்டான்.

திர்சாவின் கார் நகரத்தைத் தாண்டியது. ராணுவச் சோதனைச் சாவடியையும் தாண்டிப் பாலஸ்தீனப் பகுதிக்குள் நுழைந்தது. நதாவ் பட்டாளத்தில் இருந்தபோது துப்பாக்கியோடு வந்ததுதான், அதற்கப்புறம் இந்தப் பக்கமே வந்ததில்லை.

ஒரு பாலஸ்தீனக் கிராமத்துப் பள்ளிக்கூடம். வாசல் நிறைய ஜனம். உள்ளே ஸ்டெதாஸ்கோப்பும் கையுமாகத் திர்சா.

“அங்கே ஸ்டிரைக்கு, இங்கே வேலையா? எவ்வளவு வாங்கறீங்க?” வெடித்தான் நதாவ்.

“ஒரு கப் காபி. ஏலக்காய் போட்டது” என்றார் திர்சா, நிமிராமலே. “நம்ம சண்டை நம்ம அரசாங்கத்தோடடா. அதுக்கு ஓட்டுப் போடக்கூட வழியில்லாத இந்த ஜனங்க என்ன பாவம் பண்ணினாங்க? சனிக்கிழமைதோறும் வர்றதுதான். இப்பதான் நமக்குத் தினமும் சனிக்கிழமையாச்சே!”

நதாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. “ஏன், இங்கே டாக்டரே கிடையாதா?”

“நான் இருக்கேனே!” பக்கத்து மேஜையிலிருந்து சிரித்தார் கஸ்ஸான். பாலஸ்தீன அரசு மருத்துவமனை டாக்டர். “ஆனா நானும் ஸ்டிரைக்குதான் தம்பி. பாதிச் சம்பளம்தான் தர்றாங்க எங்க அரசாங்கத்துல.”

“அப்புறம் ஏன் வந்தீங்க?”

“காய்ச்சலும் ஸ்டிரைக் பண்ணினா நான் வீட்ல தூங்குவேன்.”

இவர்களையா சந்தேகப்பட்டோம் என்று நதாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கையெடுத்துக் கும்பிடலாம் போலவும் இருந்தது.

போன் அடித்தது. மெராவ்.

“என்னடா, பிடிச்சியா?”

“பிடிச்சுட்டேன். உன் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கிட்டு நீயும் கிளம்பி வா” என்றவன், இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

கஸ்ஸான் திர்சாவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“பார்த்தீங்களா டாக்டர்? ரெண்டு அரசாங்கமும் இன்னும் கொஞ்ச நாளைக்குச் சம்பளத்தை ஏத்தாம இருந்தா, சமாதானமே வந்துடும் போலிருக்கே!”