துவைக்கிற கல்

தண்ணீர் லாரிக்கு இனி ஆன்லைனில்தான் பதிவு என்று மாநகராட்சி அறிவித்த பிறகு, எங்கள் தெருவில் குடங்கள் வரிசையில் நிற்பதில்லை. செல்போன்கள் நிற்கின்றன. தெருவில் டவர் கிடைக்கும் ஒரே இடம் குழாயடியில் இருக்கும் துவைக்கிற கல். அதன்மேல் வைத்தால்தான் ஓடிபி வரும். அதனால் கல் வரைக்கும் போன்கள், குடங்களைப் போலவே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.

இன்று ஜெயசீலிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிள்ளை பெற்ற மகள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்துகொண்டிருக்கிறாள். வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நல்லவேளை, முதலில் கல்லேறியது அவள் போன்தான். ஓடிபி வந்தது. லாரியும் வந்தது. ஓடிப்போய் எண்ணைச் சொன்னாள்.

டிரைவர் தன் போனைத் தட்டினார், உதறினார், வானத்துக்குத் தூக்கிக் காட்டினார்.

"டவர் இல்லக்கா. நான் இத ஆப்புல போட்டாத்தான் வால்வத் தொறக்கலாம்."

"அந்தக் கல்லு மேல வைப்பா, சீக்கிரம்!"

அவர் கல்லை நெருங்கியதும் வரிசையில் நின்ற மும்தாஜ் கையை நீட்டி மறித்தாள்.

"அண்ணே, காலைலேர்ந்து நிக்கிறோம். கடைசில வைங்க."

"அம்மா, தண்ணியே எங்கிட்டதாம்மா இருக்கு!"

"யாரா இருந்தாலும் வரிசைதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். போன மாதம் சண்டை போட்டு அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவளே ஜெயசீலிதான்.

டிரைவர் வரிசையின் கடைசிக்குப் போய், குனிந்து, தன் போனை வைத்தார். லாரியின் வால்வு சொட்டிக்கொண்டிருந்தது. தெருமுனையில் ஆட்டோ ஹாரன் கேட்டது. ஜெயசீலி இரண்டு கைகளையும் குவித்து வால்வுக்குக் கீழே பிடித்தாள்.