கோடாங்கி சொன்ன பேர்

“பிள்ளை காய்ச்சல்ல கண்ணே திறக்கல. செய்வினை வச்சது பக்கத்து வீட்டுக்காரி ஆயிதானே? சொல்லுங்க, அடிச்சே கொன்னுபுடுறோம்” என்றான் வேல்பாண்டி. பின்னால் தடிகளோடு ஆட்கள் நின்றார்கள்.

கோடாங்கி சேவுகப்பெருமாள் கண்ணை மூடி உடுக்கையை அடித்தார்.

“ஆயி இல்லப்பா. செத்துப்போன உன் ஆத்தா. பேரனைப் பார்க்க ஆசைப்பட்டு வந்து தொட்டுருச்சு.”

“என்ன சொல்றீக?” வேல்பாண்டி கையிலிருந்த தடி நழுவியது.

“ஆத்தாளுக்கு ஒரு சேலை வச்சுக் கும்பிடு. பிள்ளையை உடனே திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ.”

அவன் அழுதுகொண்டே ஓடினான். ஆட்கள் கலைந்தார்கள். கோடாங்கி வீட்டு உள்ளறையில் ஒளிந்திருந்த ஆயி வெளியே வந்தாள்.

“அண்ணே, குறியில நெசமாவே அவன் ஆத்தாதான் வந்துச்சா?”

“எவன் வந்து கேட்டாலும் எனக்குச் செத்தவுக பேருதான் வரும், ஆயி. அவுகளை யாராலயும் அடிக்க முடியாதுல்ல.”