இடுப்பை விட்டு இறங்காதவன்

"கொஞ்சம் இறக்கித்தான் விடேன்! இடுப்புல ஒட்டிக்கிட்டேவா பொறந்தான் உன் பையன்?"

நாத்தனார் சிரித்தாளே தவிர, பையனை இறக்கவில்லை. அவன் வில்லாய் வளைந்தான். காலை உதைத்தான். கீழே கையைக் காட்டிக் கத்தினான். அவள் அவன் வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணித்துவிட்டு, அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"இருக்கட்டும் அண்ணி. இறக்கிவிட்டா அழுவான்."

இறக்கிவிடாததற்குத்தான் அழுகிறான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அண்ணிக்காரி உதட்டைச் சுழித்துக்கொண்டாள்.

இரண்டு குழந்தைகளும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். நாத்தனார் மகன் குண்டன், சொன்ன தேதிக்குக் கொழுகொழுவென்று வந்து சேர்ந்தவன். இவள் மகள் சிட்டு, இரண்டரை மாதம் முந்திக்கொண்டு கையளவே வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து உயிர் பிழைத்தவள்.

"பொறந்த தேதியை மறந்துடுங்க. பொறந்திருக்க வேண்டிய தேதியிலேருந்து வயசை எண்ணுங்க" என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். இவளும் தலையாட்டிவிட்டு வந்தாள். கண்ணெதிரே ஒரு குண்டன் வளரும்போது எந்தத் தாய்க்கு அந்தக் கணக்கு ஞாபகம் இருக்கும்?

குண்டன் முதன்முதலாக உட்கார்ந்தது இந்த வீட்டுக் கூடத்தில்தான். எல்லோரும் கைதட்டினார்கள். இவளும் தட்டினாள். அவர்கள் கிளம்பியதும் கிளம்பாததுமாகச் சிட்டுவைச் சுற்றித் தலையணைகளை அடுக்கி உட்காரவைத்தாள். அது சரிந்தது. நிமிர்த்தினாள். மறுபடி சரிந்தது.

"உக்காருடி... உக்காரேன்டி!"

இவள் அழ, இவள் முகத்தைப் பார்த்துக் குழந்தையும் வீறிட்டு அழ, மறந்துபோன பையை எடுக்கத் திரும்பிவந்த நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அதற்கப்புறம் உட்காரவைக்கப் போனாலே சிட்டு விறைத்துக்கொண்டாள். இவள் பதறியடித்துக்கொண்டு அவளைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"முதுகுல ஒரு குறையும் இல்லம்மா. உங்க முகத்தைப் பார்த்துத்தான் பயப்படுறா. தரையில கூடவே படுத்து விளையாடுங்க. பேசுங்க, சிரிங்க. நீங்க பதறாம இருந்தா அவ பாட்டுக்கு எழுந்து நடப்பா."

அன்றிலிருந்து தரையிலேயே இவளுக்குக் குடித்தனம் ஆயிற்று. துணி மடிப்பது, காய் நறுக்குவது, போனில் வம்பளப்பது எல்லாம் தரையில்தான். சிட்டுவுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு இவளும் பொம்மையை எட்டிப் பிடித்தாள். முதலில் சிட்டு உருண்டாள். பிறகு தானாகவே உட்கார்ந்தாள். தவழ்ந்துவந்து அம்மாவின் மூக்கைக் கடித்தாள்.

நாத்தனாரின் போக்குதான் மாறிப்போயிருந்தது. ஞாயிறு தவறாமல் வருவாள், ஆனால் கால்மணி நேரம் தங்கமாட்டாள். பையனை இடுப்பைவிட்டு இறக்கவே மாட்டாள். "உங்க வீட்டுக்கு வரட்டுமா?" என்று கேட்டால், "சிட்டுவைத் தூக்கிக்கிட்டு நீங்க ஏன் அலையணும் அண்ணி, நாங்களே வர்றோம்" என்று தட்டிக்கழிப்பாள்.

"நம்ம வீட்டுத் தரை அவ பையன் காலுக்கு ஆகாது போல" என்று கணவனிடம் பொருமுவாள் இவள். "ஒன்றரை வயசாகப் போகுது, இன்னும் நடக்கலை. தூக்கியே வெச்சிருந்தா எங்கேருந்து நடப்பான்? உங்க தங்கச்சிக்குப் புள்ள வளர்க்கவே தெரியலைங்க."

"சொல்றேன், சொல்றேன்" என்று அவன் கழன்றுகொள்வான்.

பொருமலுக்கு அடியில் ஓர் அல்ப சந்தோஷமும் இருந்தது. அதை மறைப்பானேன்? குண்டனே நடக்கவில்லை, அப்புறம் சிட்டுவுக்கு என்ன அவசரம்? அந்த நினைப்பில் ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள். காலையில் சிரித்த முகமாக எழுந்து மகளோடு தரையில் உருண்டாள்.

ஒருநாள் காலை துணி மடித்துக்கொண்டிருந்தபோது, நாற்காலியைப் பிடித்து நின்ற சிட்டு கையை விட்டாள். தள்ளாடினாள். இவள் ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை. சிரித்தபடி கையை மட்டும் நீட்டினாள். அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓரடி, இன்னோரடி, இன்னும் ஓரடி வைத்த சிட்டு, மடித்த துணி அத்தனையையும் கலைத்துக்கொண்டு மடியில் வந்து விழுந்தாள்.

இவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வேலையில் இருந்த கணவனைப் போனில் கூப்பிட்டாள்.

"நடந்துட்டாங்க! நம்ம சிட்டு நடந்துட்டா!"

மறுமுனையில் அவன், "இரு, முதல்ல தங்கச்சிக்குச் சொல்லிடறேன்" என்று வைத்துவிட்டான்.

இவளுக்குச் சுருக்கென்றது. பெற்றவளிடம் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் தங்கச்சிக்கு என்ன அவசரம்?

சற்று நேரத்தில் வாசல் கதவு படாரென்று திறந்தது. உள்ளே ஓடிவந்தான் குண்டன். கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். சோபாவில் ஏறினான், குதித்தான், இன்னொரு சுற்று ஓடினான். பின்னாலேயே மூச்சிரைக்க, வெறும் கையை வீசிக்கொண்டு வந்தாள் நாத்தனார்.

இவள் துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"இவன்... இவன் எப்போலேருந்து...?"

நாத்தனார் சிட்டுவை வாரியெடுத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

"முதல் பிறந்தநாளுக்கு முன்னாடியே ஓட ஆரம்பிச்சுட்டான் அண்ணி. இந்த வீட்டுக்கு வர்றப்ப மட்டும்தான் அவனுக்கு நடக்கத் தெரியாது."