நிற்காத வண்டி

மூட்டுவலித் தைலம் விற்கும் செண்பகவல்லியின் கடைப் பலகை அளவு மீறியது என்று நகராட்சிக்காரர்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். அவள் பழைய வேன் ஒன்றின் பக்கவாட்டில் பெரிய முழங்காலை வரையவைத்துக் கடைவாசலில் நிறுத்தினாள். மறுநாளே ஆய்வாளர் தணிகாசலம் வந்துவிட்டார்.

"ஓடுனாத்தான் வண்டி. நின்னா அதுவும் போர்டுதாம்மா. இனிமே நின்னா தூக்கிருவோம்."

பிழைப்பை விட முடியுமா? தம்பியை ஓட்டச் சொல்லி, பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, தெருத்தெருவாக ஊர்ந்தபடியே விற்றாள். வலிக்காரர்கள் முனகிக்கொண்டே வேனுக்குப் பின்னால் நடந்து வாங்கினார்கள். கொஞ்ச நாளில் முனகல் நின்றது. தைலம் வாங்குவதும் நின்றது. நடப்பதை மட்டும் அவர்கள் விடவில்லை. "நாளைக்கும் வருவீங்கல்ல?" என்று அவர்கள் கேட்டபோது அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஒருநாள் தணிகாசலம் முழங்காலைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டே வந்தார்.

"இத்தனை பேரு பின்னாடி வந்தா ஊர்வலம் ஆயிரும்மா. அதுக்குத் தனி அனுமதி வேணும். வண்டிய நிப்பாட்டு."

"நிப்பாட்டுனா போர்டு ஆயிரும் சார்."

அவர் யோசித்தார். வேன் நகர்ந்துகொண்டிருந்ததால் நடந்துகொண்டேதான் யோசிக்க வேண்டியிருந்தது. சந்தைத் தெருவைத் தாண்டிய பிறகும் அவர் யோசித்து முடிக்கவில்லை.