சட்டைப்பைக்கு ஒரு பேட்டரி

“நம்ம பையன் ஒருத்தனுக்கும்மா. சிகரெட்டை விட முடியலைங்கான். அதான் தீக்குச்சி இல்லாம இழுக்குற சாமானா ஒண்ணு வாங்கிருக்கேன்” என்று சொல்லி, கைக்குட்டையைப் பிரித்து வேப் என்கிற மின்சிகரெட்டைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார் அந்த மனிதர். பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

வேல்விழி தயங்கினாள். விருதுநகர் பஜாரில் டார்ச்சும் பேட்டரியும் விற்கிற கடை அது. வேப் விற்கத் தடை இருப்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அதற்குள் போகிற பேட்டரிதான் பெரிய டார்ச்சுக்குள்ளும் போகிறது. அதை விற்பதில் தப்பில்லை என்று முதலாளி நாகையா சொல்லியிருந்தார்.

வந்தவர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மேனேஜராம். வெள்ளைச் சட்டை, முழங்கைவரை நனைந்திருந்தது; கழுவியும் போகாத கரி விளிம்பில் ஒட்டியிருந்தது. வேல்விழியின் கணவனும் பட்டாசு வேலைக்குத்தான் போகிறான். போன மாதம்தான் காண்ட்ராக்டர் ஒருவர் மூலம் புதுக் கம்பெனியில் சேர்ந்திருந்தான். தொழிலாளி ஒருவனுக்காக இவ்வளவு தூரம் மெனக்கெடுகிற மேனேஜரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அவர்மேல் அவளுக்கு மரியாதை வந்தது.

அதனால் உள்ளதை உள்ளபடி சொன்னாள். இரண்டு பேட்டரிகளை எடுத்து அவர் கையில் கொடுத்து, எடை வித்தியாசத்தைப் பார்க்கச் சொன்னாள். கனமாக இருப்பது நல்ல கம்பெனிச் சரக்கு. வேப் ஒரே இழுப்பில் கேட்கிற கரண்டைத் தாங்கும். லேசாக இருப்பது பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிப் புது உறை போட்டது. மேலே கொள்ளளவு 9900 என்று பெரிதாக அச்சடித்திருக்கும். உள்ளே அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. உறை கிழிந்து சாவியோ சில்லறையோ பட்டால் பைக்குள்ளேயே தீப்பிடிக்கும்.

சார்ஜரிலும் அப்படித்தான். ஒன்று, நிறைந்ததும் தானாக நின்று பச்சை விளக்குக் காட்டும். மற்றது நிற்கவே நிற்காது. பேட்டரி கொதிக்கக் கொதிக்க ஏற்றிக்கொண்டே இருக்கும்.

மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, லேசான பேட்டரியையும் நிற்காத சார்ஜரையும் தன் பக்கம் தள்ளிக்கொண்டார்.

“இது போதும். அவன் வாங்குற சம்பளத்துக்கு இதைத்தான் வாங்கிருப்பான்.”

வேல்விழிக்கு மனசு கேட்கவில்லை. விலையில் நூறு, இருநூறுதான் வித்தியாசம், முதலாளியிடம் சொல்லிக் குறைத்துத் தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

அப்போது அவர் போன் அடித்தது. அவளுடைய போன் காலையிலிருந்து டிராயருக்குள் இருந்தது. கடை நேரத்தில் போன் எடுக்கக் கூடாது என்பது நாகையாவின் கண்டிப்பு.

“வந்துட்டாகளா? சட்டைப்பையை இப்பப் பாக்க வேண்டாம், நான் வரட்டும்னு சொல்லு” என்றார் மேனேஜர் போனில். “அரை மணி நேரத்துல வந்துருவேன்.”

கம்பெனி வாசலில் ஆட்களைச் சோதனை போடுகிறார்கள் என்று வேல்விழி நினைத்துக்கொண்டாள். தினமும் பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள் என்று அவள் கணவன் சொல்லியிருக்கிறான். தெரிந்ததைச் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

“சார், தங்குற ரூம்ல மட்டும் வச்சுக்கிடச் சொல்லுங்க. வெடிமருந்து ரூமுக்குள்ள இதைக் கொண்டுபோயி ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, பழி பூரா அந்த ஆளு மேலதான விழும். குடும்பத்துக்கு ஒரு பைசா வராதும்பாக.”

“ஆமாம்மா. அவன் மேலதான் விழும்” என்றார் மேனேஜர்.

சார்ஜரின் அட்டைப்பெட்டி வேண்டாம் என்றார். உறையைப் பிரித்து, வயரைப் பத்து நாள் புழங்கியதுபோல விரலில் சுற்றி இழுத்தார். பிறகு பில் கேட்டார். தேதி மட்டும் போன செவ்வாய்க்கிழமை இருக்கட்டும், ஆபீஸில் அதற்குப் பிறகு வாங்கியதை ஏற்க மாட்டார்கள் என்றார். பஜாரில் தேதி மாற்றிக் கேட்பது புதிதல்ல. வேல்விழி செவ்வாய்க்கிழமைத் தேதியை எழுதினாள்.

“உங்க பேரு சொல்லுங்க சார்.”

“அவன் பேர்லயே போடு. சார்ஜருக்கு ஆறு மாசம் கியாரண்டி உண்டுல்ல? முனியராஜ்.”

எழுதும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் கணவன் பேரும் அதுதான். ஊரில் எத்தனை முனியராஜ்.

“அப்பா பேரு ஊர்க்காவலன். காரியாபட்டி.”

பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, குழப்பம்தான்.

“சார், இது எங்க வீட்டுக்காரரு பேரு. அவுக பீடியக்கூடத் தொட மாட்டாக. வேற யாருக்கோ வாங்குறதுக்குப் பேரை மாத்திச் சொல்றீக.”

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவள் விரல்களிலிருந்து பேனாவை உருவி, பில் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, ஊர்க்காவலன், காரியாபட்டி என்று மீதியைத் தானே எழுதினார். தாளைக் கிழித்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பேட்டரியை வேப்புக்குள் போட்டு மூடி, கைக்குட்டையில் சுற்றினார்.

“ஏம்மா, உனக்கு இன்னும் யாரும் தகவல் சொல்லலையா?”