மணியடித்ததும் எழுந்த குதிரை

அந்த நாளில், கிணிங் கிணிங் என்று வண்டி மணி அடித்ததும் முதலில் எழுந்து நிற்பது செவலைக் குதிரைதான். வண்டி இழுப்பதை விட்டுப் பல வருஷமாகியும் அந்த மணி அதன் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

இப்போது அதன் நெஞ்சு தாளம் தப்பி அடித்தது. வைத்தியர் நாரை கொடுத்த மாத்திரையில் படபடப்பு அடங்கியது. கூடவே ரத்த அழுத்தமும் இறங்கிவிட்டது. காலையில் சட்டென்று எழுந்த குதிரை, கண் இருட்டித் தீவனத் தொட்டிமேல் சாய்ந்தது.

"மாத்திரையைத் துப்பிடுக்கா. எனக்கும் இதே நெஞ்சுதான். நான் நேத்தே துப்பிட்டேன்" என்றது பக்கத்துக் கொட்டில் கழுதை.

"துப்பினா நெஞ்சு மறுபடி குதியாட்டம் போடுமேடா. நாரையைக் கேட்டுக்கறேன்."

நாரை மாத்திரையின் அளவைக் குறைத்தது. "தண்ணி நெறையக் குடி. எழுந்திருக்க அப்படி என்ன அவசரம்? வாசல்ல வண்டி நிக்குதா?" என்றது.

குதிரைக்குச் சுருக்கென்றது. மறுநாள் முன்னங்கால்களை ஊன்றி உட்கார்ந்தது. காதில் மணி அடித்தது. "நீ அடிச்சுக்கிட்டே இரு, வரேன்" என்று சொல்லிவிட்டு, தலை தெளிந்த பிறகே எழுந்தது.

"கிழவி ஆயிட்டியேக்கா" என்று கழுதை சிரித்தது.

"ஆமாம்டா. இன்னும் ஆவேன்."

குதிரை இன்றும் குளம்வரை நடந்து போய்த்தான் தண்ணீர் குடிக்கிறது. ஒரு நாள் நெஞ்சு நின்றுபோன கழுதையின் கொட்டிலில் விறகு அடுக்கியிருக்கிறார்கள்.